பெரியம்மாவின் பெருமூச்சு

ரொட்டிக் கடை வைத்திருந்த பன்னக்காவுக்கு மாமியார் வாய்க்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பே அந்த அம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்தக் குறை தெரியக் கூடாது என்றுதான் தன் புருஷன் அந்தக் காரை வாங்கினார் என்று பன்னக்கா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அவர் காரைப் 'பெரியம்மா' என்றுதான் சொல்வார். சொல்வதோடு நின்றாலும் பரவாயில்லை. "பெரியம்மா இன்னும் குளிக்கலையே", "பெரியம்மா இன்னைக்கு ஒரு மாதிரி இருக்காங்க" என்று பேச்சில் மரியாதை வேறு. பெண்டாட்டியை ஒரு நாளாவது வாங்க போங்க என்று சொல்லியிருப்பாரா என்றால், கிடையாது.

பெரியம்மாவைக் குறை சொல்லவும் வழியில்லை. வாங்கும்போதே பல கை மாறிய பழைய வண்டி. வெளிர்நீல நிறம், அகன்ற முதுகு. பின் சீட்டைக் கழற்றிவிட்டு ரொட்டித் தட்டு அடுக்க இரும்புச் சட்டம் போட்டிருந்தார்கள். டிக்கியிலும் தட்டுதான். மழையோ பனியோ, விடியும் முன்னே ரொட்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பும். வெயில் ஏறும் நேரத்தில் காலித் தட்டுகள் கடகடக்கத் திரும்பி வரும். தெருவில் புது வண்டிக்காரர்கள் தள்ளிவிட ஆள் தேடும் குளிரில்கூட இது ஒரே இருமலில் கிளம்பிவிடும். பெட்ரோல் முள் மட்டும் செத்து வெகுகாலமாகிறது. அதற்கு அவர் ஒரு குச்சி வைத்திருந்தார். மூடியைத் திறந்து குச்சியை உள்ளே விட்டு, நனைந்த இடத்தைப் பார்த்து இருப்பைச் சொல்வார். முள் சொன்னாலும் அவ்வளவு சரியாகச் சொல்லியிருக்காது.

அப்படிப்பட்ட பெரியம்மா இப்போது நடுவழியில் நிற்க ஆரம்பித்திருந்தது.

ஆஸ்பத்திரி ஆர்டர் வந்த பிறகு பிடித்த சனியன் இது. ஊருக்கு மேலே, மேட்டின் உச்சியில் பெரிய ஆஸ்பத்திரி. காலையில் நோயாளிகளுக்குப் பாலும் பன்னும் கொடுக்க மணி அடிப்பார்கள். மணிக்கு முன்னால் ரொட்டி போய்ச் சேர வேண்டும். அந்த ஆர்டர் கிடைத்த அன்று பன்னக்கா அடுப்பு முன்னால் நின்று சத்தமாகவே அழுதாள். தெருமுனையில் பெரிய கடை ஒன்று திறந்ததிலிருந்து இவர்கள் கடைப் பக்கம் எட்டிப் பார்ப்பார் இல்லை. ஆஸ்பத்திரிதான் அடுப்பை அணையாமல் வைத்திருந்தது.

முதல் வாரமே கேன்டீன் மேடம் ஒரு குறை சொன்னாள். "பன்னு நல்லாத்தான் இருக்கு. ஆனா பெட்ரோல் வாடை அடிக்குது. நோயாளிங்க வாயில வைக்க மாட்டேங்கறாங்க." பன்னக்காவுக்கு மானம் போய்விட்டது. டிக்கியைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள், தட்டுகளுக்கு எண்ணெய்த் துணியில் உறை தைத்தாள், பெட்ரோல் மூடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு மத்தியானம் முழுக்க அதோடு மல்லுக்கட்டினாள். அடுத்த நாள் முதல் வாடை போன இடம் தெரியவில்லை. மேடமே ஒரு பன்னைப் பிட்டு மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தாளாம். அந்தச் சாமர்த்தியத்தைத் தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தாள் பன்னக்கா.

ஆனால் வண்டி நின்றது. ஒரு நாள் நின்றது, இரண்டு நாள் சும்மா இருந்தது, மறுபடி நின்றது. மேட்டில் ஏறும்போதுதான் அதிகம். மணி அடித்த பிறகு ரொட்டி போய்ச் சேர்ந்தது. மேடம் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். "இன்னொரு தரம் லேட்டானா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன். பசியோட படுத்திருக்கறவங்களுக்கு உங்க பெரியம்மா கதையைச் சொல்ல முடியாது."

வியாழக்கிழமை மத்தியானம் பன்னக்காவின் தம்பி வந்தான். கடைத்தெருவில் மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவன். பெரியம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்தே வைத்தியம் பார்ப்பவன் அவன்தான். பின்கட்டில் மாவு மேஜை ஓரம் முக்காலியில் உட்கார்ந்து, கையிலிருந்த கிரீஸைப் பழைய துணியில் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"அக்கா, இனிமே அந்த வண்டியில நான் மாத்தறதுக்கு ஒண்ணும் பாக்கியில்ல. பிளக் மாத்தியாச்சு. பாயின்ட் மாத்தியாச்சு. கார்புரேட்டரைக் கழட்டி மூணு தரம் கழுவியாச்சு. பெட்ரோல் பம்ப்பே புதுசு. இனி மாமாவைத்தான் மாத்தணும்."

"நானும் இத்தனை வருஷமா அதுக்குத்தான் பாக்கறேன். எந்தக் கடையிலயும் எடுத்துக்க மாட்டேங்கறாங்க" என்றாள் பன்னக்கா. கை மாவை உருட்டிக்கொண்டே இருந்தது. அவள் கைக்குக் கண் தேவையில்லை. உருண்டை எல்லாம் ஒரே எடையில் விழும்.

புருஷன் வாசற்படியில் நின்றபடி இருவரையும் பார்த்தார். பேச்சில் அவரை ஜெயிப்பது சுலபம். அதனால் யாரும் அதைப் பெருமையாக நினைப்பதில்லை.

"மாப்ள, உன் கையில ஓடுது, என் கையில நிக்குது. அதுதான் எனக்கு விளங்கல."

"ஷெட்டுல கழட்டி மாட்டிட்டு நான் ஊரைச் சுத்தி வர்றேன் மாமா. சும்மா பட்டாசு மாதிரி ஓடுது. காலையில நீங்க எடுத்துக்கிட்டுப் போனா நிக்குது. லோடுதான். ஆஸ்பத்திரி ஆர்டருக்கு முன்னால பாதித் தட்டுதானே? இப்ப டிக்கி பிதுங்குது. வயசான வண்டி, மேடு வேற. இன்ஜின் தேஞ்சு போச்சு, அவ்வளவுதான்."

"தேஞ்ச இன்ஜின் நின்னா மறுபடி கிளம்புமா? இவங்க கிளம்பறாங்களேடா. முதல்ல இழுவை குறையும். அப்புறம் விக்கல் மாதிரி எடுக்கும். அப்புறம் நின்னுடுவாங்க. நான் இறங்கிப் போய் பெட்ரோல் இருக்கான்னு மூடியைத் திறப்பேன். திறந்ததும் 'புஸ்'ஸுன்னு ஒரு பெருமூச்சு விடுவாங்க. கேட்கவே பாவமா இருக்கும். குச்சி விட்டுப் பார்ப்பேன். பெட்ரோல் நிறைய இருக்கும். மூடியைப் போட்டுட்டு, முதுகுல ரெண்டு தட்டு தட்டி, 'போகலாமா பெரியம்மா, நோயாளிங்க காத்துக்கிட்டிருக்காங்க'ன்னு சொல்லுவேன். கிளம்பிடறாங்க."

தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா மேஜையைப் பார்த்தாள்.

"மாமா, எந்த டேங்க்கைத் திறந்தாலும் அப்படித்தான். பக்கத்துலயே சைலன்சர் போகுது. சூட்டுல பெட்ரோல் ஆவியாகி உள்ள முட்டிக்கிட்டு நிக்கும், திறந்தா 'புஸ்'ஸுன்னு வெளிய வரும். அதுக்குப் பேரு பெருமூச்சு இல்ல. நீங்க பேசறதுக்குள்ள இன்ஜின் ஆறிடுது, கிளம்புது."

"பெட்ரோல் இல்லாம நின்னுடுமோன்னு பயந்து தினம் டேங்க்கை வழிய வழிய நிரப்பறேன் மாப்ள. நிரப்ப நிரப்பத்தான் சீக்கிரமா நிக்குது. வயிறு நிறைஞ்சா நடக்க மாட்டேங்கறாங்க."

"போதும்" என்றாள் பன்னக்கா. "சனிக்கிழமை பழைய இரும்புக்காரர் வர்றார். தம்பி ஷெட்டுல விலைக்கு நிக்கற வேனை எடுத்துக்கலாம். வாசல்ல ரெண்டு வண்டிக்கு இடமில்ல."

அவர் வாளியைத் தேடி எடுத்தார். சண்டை போட்டிருந்தாலாவது அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். போய்த் தண்ணீர் பிடித்தார். சாயங்காலம் வரை வண்டியைக் கழுவிக்கொண்டே இருந்தார். நாளைக் கழித்து அறுத்துக் கூறு போடப் போகிற வண்டிக்குச் சக்கரத்துக்கு உள்பக்கம்கூடத் தேய்த்துவிட்டார். பன்னக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாளியைக் கவிழ்த்துவிட்டு உள்ளே வந்தவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நாளைக்கு ஒரு தரம் கூட வாயேன்."

"எங்க?"

"மேட்டுக்கு. ஆஸ்பத்திரி வரைக்கும்."

"நல்ல ஆளு. அடுப்பை யார் பாக்கறது?"

"ஒரு ஈடு முன்னாலயே இறக்கிடு. நீ ஒரு தரம் கண்ணால பாத்துட்டா போதும். அப்புறம் இரும்புக்காரர் வரட்டும், நான் ஒண்ணும் சொல்லல."

அவள் மறுத்துவிடத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அவர் இதுவரை அவளிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை என்பது ஞாபகம் வந்தது.

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் கடைசி ஈடு வெளியே வந்தது. வழக்கம்போல ஏப்ரனின் கழுத்துப் பட்டையில் குத்தியிருந்த நீள ஊசியை உருவி, ஒரு ரொட்டியின் நடுவில் செருகி எடுத்துப் பார்த்தாள். ஊசியில் மாவு ஒட்டவில்லை. வெந்துவிட்டது. ஊசியை மறுபடி கழுத்துப் பட்டையில் குத்திக்கொண்டு, மாவு படிந்த கையைக்கூடக் கழுவாமல் வண்டியில் ஏறினாள்.

எத்தனையோ வருஷமாக அவள் அந்த நேரத்தில் வெளியே வந்ததில்லை. அவளுக்கு விடியற்காலை என்றால் அடுப்பின் வாய்தான். இப்போது பார்த்தால் தெரு முழுக்க நீலமாகக் கிடந்தது. கடைகளின் இரும்புக் கதவுகள் எல்லாம் இறங்கியிருந்தன. பின்னாலிருந்து சூடான ரொட்டி வாசனை வந்து கழுத்தைத் தொட்டது. கண்ணாடியில் ரொட்டியின் ஆவி படிய, அவர் ஒரு துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டினார். பெரியம்மா போய்க்கொண்டிருந்தது. அலட்டல் இல்லை, அதிர்வு இல்லை. இத்தனை தட்டையும் இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு போகிற சுவடே தெரியவில்லை.

"தினமும் இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டாள்.

"எப்படி?"

"இப்படி... அழகா."

அவர் கன்னம் சிரிப்பில் மடிவது மட்டும் தெரிந்தது.

பாலம் தாண்டி மேடு தொடங்கியது. கொஞ்ச தூரம் ஒன்றுமில்லை. பிறகு காலடியில் ஓடிக்கொண்டிருந்த சத்தம் லேசாக இளைத்தது. அவர் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். மிதித்ததற்குப் பதில் வரவில்லை. வண்டி ஒரு தரம் விக்கியது, இன்னொரு தரம் விக்கியது, உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடி, நின்றுவிட்டது. அதன் பிறகு வந்த அமைதி பன்னக்காவைப் பயமுறுத்தியது. பின்னால் ஒரு தட்டு நகர்ந்து மற்றொன்றோடு இடிப்பது மட்டும் கேட்டது.

அவர் பதறவில்லை. கை பிரேக்கை இழுத்தார், சக்கரத்துக்குக் கல் வைத்தார், பின்னால் போனார். அவளும் இறங்கிப் போனாள். மூடியைத் திருகினார்.

புஸ்ஸ்ஸ்...

அவளுக்கு மெய்சிலிர்த்தது. அவர் சொன்னது கதையில்லை. வயதான பெண் ஒருத்தி பாரத்தை இறக்கிவைத்துவிட்டு விடுகிற மூச்சு மாதிரியே இருந்தது. அவர் குச்சியை விட்டுப் பார்த்தார், மூடியைப் போட்டார், முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். பெண்டாட்டி பக்கத்தில் நிற்கிற வெட்கத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "போகலாமா பெரியம்மா, நோயாளிங்க காத்துக்கிட்டிருக்காங்க" என்றார். போய் சாவியைத் திருப்பினார். கொஞ்ச நேரம் முனகிவிட்டு வண்டி கிளம்பியது.

பன்னக்காவுக்குக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. பாதிக் கை தூக்கியும்விட்டாள். இதைப் போய் இரும்புக்குப் போடச் சொன்னோமே என்று தன்னையே நொந்துகொண்டாள். போய் சீட்டில் உட்கார்ந்தாள். ஆனால் அவள் அடுப்புக்காரி. ரொட்டி ஏன் உப்பியது, ஏன் அமுங்கியது என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவைத்துக் காரணம் தேடியே பழகியவள். ஒரே நாளில் உப்பையும் ஈஸ்ட்டையும் இரண்டையும் மாற்றினால் எது செய்த வேலை என்று தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். இவர் மூடியைத் திறக்கிறார், குச்சி விடுகிறார், தட்டுகிறார், பேசுகிறார். இதில் எது?

மேட்டின் பாதியில் வண்டி மறுபடி இளைத்தது, விக்கியது, நின்றது. கீழே ஊரில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. மணி அடிக்க அதிக நேரம் இல்லை.

"நீங்க உக்காருங்க" என்றாள். "தட்டவும் வேணாம், பேசவும் வேணாம். மூடியை நான் திறக்கறேன்."

"பேசாம எப்படி?"

"ஒரே ஒரு தரம். பெரியம்மா கோவிச்சுக்க மாட்டாங்க."

அவர் முகம் சுருங்கிப் போனது. இருந்தாலும் உட்கார்ந்தார். அவள் சக்கரத்துக்கு ஒரு கல்லை வைத்துவிட்டுப் பின்னால் போனாள். ஆவி வெளியே வருகிறது என்றுதானே தம்பி சொன்னான், சூடாக இருக்குமோ என்று பயந்து, மூடியை மெல்ல, மெல்லத் திருகினாள். மூடி சுலபத்தில் வரவில்லை. கவ்விக்கொண்டிருந்தது. அந்தக் கவ்வல் அவள் கைக்குத் தெரிந்த ஒன்று. எங்கே என்றுதான் பிடிபடவில்லை. இன்னும் கொஞ்சம் திருகினாள். சத்தம் தொடங்கியது.

அப்போதுதான் பார்த்தாள். அவள் விரல்களில் காய்ந்திருந்த மைதா, மெல்லிய வெள்ளை இழையாக எழுந்து, மூடிக்கும் வாய்க்கும் நடுவில் இருந்த இடுக்கில் உள்ளே போய்க்கொண்டிருந்தது. வெளியே வரவில்லை. உள்ளே போனது. விடியற்கால வெளிச்சத்தில் அது அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. அவள் அசையாமல் நின்றாள். காற்று அவள் விரல்களைத் தாண்டி, மோதிரத்தைத் தாண்டி, குளிர்ச்சியாக உள்ளே ஓடியது. பெருமூச்சு விடவில்லை பெரியம்மா. தண்ணீரில் முங்கியவர்கள் தலையை வெளியே நீட்டி இழுப்பார்களே, அப்படி இழுத்தது.

"என்னங்க! கிளப்புங்க!" என்று கத்தினாள்.

தட்டல் இல்லாமல், பேச்சு இல்லாமல் வண்டி கிளம்பியது. அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

பன்னக்கா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்தக் கவ்வல் இப்போது ஞாபகம் வந்துவிட்டது. ரஸ்க் டின். சூடு முழுக்க ஆறாமல் ரஸ்க்கைப் போட்டு டின்னை மூடினால், உள்ளே ஆற ஆற மூடி கவ்விக்கொள்ளும். பிறகு கத்தி வைத்து நெம்பினாலும் வராது, வந்தால் 'புஸ்' என்று இழுத்துக்கொண்டு வரும். அதற்காகவே ஒவ்வொரு டின் மூடியிலும் ஊசியால் ஒரு பொட்டு ஓட்டை போட்டு வைப்பாள். ஆறியதும் அதன்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுவாள். கடையிலுள்ள எல்லா டின்னுக்கும் ஓட்டை போட்டவள் அவள்தான்.

மூடியைக் கவிழ்த்தாள். ஓரத்தில் ரஸ்க் டின்னிலிருந்து வெட்டிப் போட்ட ரப்பர் வளையம். நடுவில், குழாய் ஒட்டும் பசையால் ஒரு வெள்ளைப் பொட்டு. அவளே விரலால் தடவி, மழமழவென்று வழித்து, காயவைத்து அடைத்தது. அந்த இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது. பெட்ரோல் வாடை அது வழியாகத்தான் வருகிறது, எவனோ ஓட்டை மூடியைக் கொடுத்து ஏமாற்றிவிட்டான் என்று அன்றைக்கு நினைத்தாள்.

"என்ன அங்கயே நிக்கற?" அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

பன்னக்கா கழுத்துப் பட்டையிலிருந்து ஊசியை உருவினாள். கூர்முனையைப் பசைமேல் வைத்துக் குத்தினாள். முதல் குத்துக்கு அசையவில்லை. மூன்றாவது குத்துக்கு விரிசல் விட்டு, ஒரு சில்லாகப் பெயர்ந்து தெறித்தது. மூடியைத் தூக்கி வானத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தது.

மூடியை இறுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "போங்க" என்றாள்.

அவர் மேட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கியரைப் போட்டார். பெரியம்மா ஏறியது. செங்குத்து, அதை அடுத்த வளைவு, வழக்கமாக நிற்கிற இடங்கள் எல்லாம் வந்தன, போயின. வளைவு வரும்போதெல்லாம் அவர் கால் தானாகவே பிரேக் பக்கம் போய்த் திரும்பியது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு விக்கல்கூட இல்லை. கடைசித் திருப்பத்தில் சூரியன் நேர் எதிரே எழுந்து கண்ணாடியில் அடித்தபோது, இன்ஜினின் சத்தம் அடிவயிற்றிலிருந்து வருகிற பாட்டு மாதிரி நிறைந்திருந்தது. அவருக்குக் கண்ணீர் வழிந்தது. துடைக்கக் கையெடுத்தால் வண்டி நின்றுவிடுமோ என்று பயந்து அப்படியே விட்டுவிட்டார்.

கேன்டீன் மேடம் தட்டுகளை இறக்கச் சொல்லிவிட்டு உள்ளே போன பிறகுதான் மணி அடித்தது. அந்தச் சத்தம் அடங்கும் வரை பன்னக்கா ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். பிறகு சொன்னாள்.

"என்னங்க, நான்தான்."

"என்ன நீதான்?"

"வண்டி நின்னதுக்கு நான்தான் காரணம். வாடை வருதுன்னு மூடி ஓட்டையை அடைச்சுட்டேன். பெட்ரோல் குறையக் குறைய உள்ள காத்து போக வழியில்ல. பெரியம்மா மூச்சு முட்டி முட்டி நின்னிருக்காங்க. நீங்க ஒவ்வொரு தரமும் மூடியைத் திறந்து மூச்சு குடுத்திருக்கீங்க. அது தெரியாம தட்டினதால கிளம்பறாங்கன்னு நினைச்சீங்க. நான் அதை நம்பாம இரும்புக்குப் போடச் சொன்னேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் போய் வண்டியின் முதுகில் கையை வைத்தார்.

"இத்தனை நாளா மூச்சை அடக்கிக்கிட்டா மேடு ஏறினாங்க?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

மத்தியானம் ஷெட்டில் தம்பி மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வாடைக்குத் தட்டு உறையே போதும்" என்று ரப்பர் வளையத்தைப் பிய்த்து எறிந்தான்.

"கம்ப்ரஸர் வச்சு பெட்ரோல் பைப்பை ஊதும்போதெல்லாம் இந்த மூடியைக் கழட்டி ஓரமா வச்சேன்க்கா. கையிலயே இருந்துச்சு. கவிழ்த்துப் பாக்கல. டேங்க்கைப் பாதி காலி பண்ணிட்டுத்தான் ஓட்டிப் பார்த்தேன், உள்ள காத்து நிறைய இருந்திருக்கும், அதான் தாங்கிச்சு. மாமா வழிய வழிய நிரப்பினா உள்ள காத்துக்கு ஏது இடம்? கொஞ்சம் பெட்ரோல் குறைஞ்சாலே இறுக்கிப் பிடிச்சிருக்கும். பாவம் மாமா, எவ்வளவுக்கு எவ்வளவு அக்கறையா ஊத்தினாரோ அவ்வளவு சீக்கிரம் நின்னிருக்கு." பிறகு அக்காவை முறைத்தான். "சரி, பெட்ரோல்ல மைதா கலந்த ஆளு உலகத்துலயே நீ ஒருத்திதான். டேங்க்கை இறக்கிக் கழுவணும்."

வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினான். டேங்க்கைத் தரையில் இழுத்து வைத்துத் துணியால் துடைத்தவன், துடைப்பதை நிறுத்திவிட்டான். "மாமா, இங்க வாங்க. அக்கா, நீயும் வா."

டேங்க்கின் ஒரு பக்கம் உள்ளே குழிந்து போயிருந்தது. இரும்புத் தகடு. சுத்தியல் பட்ட தடம் இல்லை, கல் பட்ட கீறல் இல்லை. ஒரே வழவழப்பான குழி.

"எதுல இடிச்சுது?" என்று கேட்டார் அவர்.

"எதுலயும் இடிக்கல மாமா. உள்ள காத்து இல்லாமப் போச்சு. வெளிய இருக்கற காத்து அமுக்கிடுச்சு."

"எந்தக் காத்து?"

"இதோ இந்தக் காத்துதான்" என்று தம்பி கையை வீசிக் காட்டினான். அவர்கள் மூன்று பேரையும் சுற்றி, ஷெட்டின் தகரக் கூரைக்கும் கிரீஸ் படிந்த தரைக்கும் நடுவில், எதுவும் தெரியவில்லை.

பன்னக்கா மண்டியிட்டு உட்கார்ந்து உள்ளங்கையைக் குழியில் வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. உப்பிய மாவை அவள் இப்படித்தான் அமுக்கிப் பார்ப்பாள்; மாவு மெல்ல எழுந்து கையைத் தள்ளும். இரும்பு எழுந்திருக்கவில்லை. நாள் முழுக்கத் தன் முகத்திலும் கையிலும் படுகிற, ஒரு எடையும் இல்லாத இந்தக் காற்றா இதைச் செய்தது? இந்த அமுக்கத்துக்கு எதிராகவா பெரியம்மா தினமும் தட்டு நிறைய ரொட்டியோடு அந்த மேட்டில் இழுத்துக்கொண்டு போனது? அவளுக்குப் பிரமிப்பாக இருந்தது. பிரமிப்புக்கு அடியில் பெரிய வெட்கம்.

"அடிச்சு நிமிர்த்திடவா மாமா?" என்று கேட்டான் தம்பி.

"வேணாம்டா. ஒழுகலையே? அப்படியே மாட்டு."

சனிக்கிழமை வெயில் ஏறும் நேரத்தில் பழைய இரும்புக்காரர் சின்ன லாரியும் கயிறுமாக வந்தார். கடை வாசலில் காலி இடத்தைப் பார்த்துவிட்டு, "எங்கம்மா வண்டி?" என்றார்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க."

"ஐயையோ, யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. ரொட்டி கொண்டு போயிருக்காங்க. உக்காருங்க, பன்னு சூடா இருக்கு."

இரும்புக்காரர் இரண்டாவது பன்னைப் பிட்டுக்கொண்டிருந்தபோது காலித் தட்டுகளின் கடகட சத்தம் தெருமுனையிலிருந்து கேட்டது. பெரியம்மா வந்து தன் இடத்தில் நின்றது. புருஷன் இறங்கி, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, அதன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார்.

பன்னக்கா மாவு மேஜையிலிருந்து எழுந்து வந்தாள். வண்டியின் பின்னால் போய் நின்று, மூடியைத் திருகித் திறந்து, மைதா படிந்த விரல்களை அந்த வாய்க்குப் பக்கத்தில் நீட்டினாள். இரும்புக்காரர் வாயில் பன்னோடு, இந்த அம்மாளுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார். பன்னக்கா காத்திருந்தாள். சத்தம் வரவில்லை. விரலில் இருந்த மாவு விரலிலேயே இருந்தது.

அவள் மூடியைப் போட்டுவிட்டு, தட்டுகளை இறக்கப் போனாள்.